கொந்தரப்புக்காரி வளர்த்த தும்பை

எங்கள் தோட்டத்தில் என்னைப் போலப் புல் பிடுங்குகிறவள் கிடையாது. இதை நானே சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சமில்லை, மற்றவர்களும் சொன்னதுதான். இலங்கையில் நமுனுகுல மலைச்சரிவில் இருந்தது அந்தத் தேயிலைத் தோட்டம். அங்கே புல்லுக் கொந்தரப்பு என்று ஒரு ஏற்பாடு உண்டு. தேயிலை மலையைத் துண்டு துண்டாகப் பிரித்து, குடும்பத்துக்கு ஒரு துண்டு என்று ஒப்படைத்துவிடுவார்கள். மாதம் முழுவதும் அந்தத் துண்டில் புல் நிற்காமல் பார்த்துக்கொள்வது அந்தக் குடும்பத்தின் பொறுப்பு. கொழுந்து எடுத்துவிட்டு வந்த பின்னேரம், ஞாயிற்றுக்கிழமை, மழை விட்ட இடைவெளி என்று எப்போது நேரம் அகப்படுகிறதோ அப்போது சுரண்டியைத் தூக்கிக்கொண்டு மலையில் ஏற வேண்டும். மாதக் கடைசியில் கணக்கப்பிள்ளை வந்து பார்ப்பார். புல் இருந்தால், காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் பெரட்டில் எல்லார் முன்னாலும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்.

என் பெயர் அப்படிக் கூப்பிடப்பட்டதே இல்லை. என் துண்டில் மருந்துக்கு ஒரு புல் இருக்காது. ஒரு தடவை கணக்கப்பிள்ளை மற்ற கொந்தரப்புக்காரர்களைக் கூட்டிவந்து என் துண்டைக் காட்டி, "இதப் பாத்துக் கத்துக்கங்க" என்றார். அதற்குப் பிறகு ஒரு வாரம் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அதிகமாகப் பிடுங்கியது தும்பையைத்தான். மழை விழுந்த பத்தாம் நாள் கல்லுக்கட்டு ஓரமெல்லாம் இரண்டு இலை விட்டு நிற்கும். விட்டால் முழங்கால் உயரம் வரும். கணுவுக்குக் கணு பச்சைப் பந்து கட்டி, அந்தப் பந்தைச் சுற்றி வெள்ளைப் பூ. சிவனுக்குப் பிடித்த பூ என்று எனக்கும் தெரியும். கொந்தரப்புத் துண்டில் சிவனுக்குப் பங்கு கிடையாது, அவ்வளவுதான்.

ஒரே கூரையின் கீழ் வரிசையாக அறை அறையாகக் கட்டிய எங்கள் லயத்தில், எனக்கு அடுத்த காம்பராவில் ஒருத்தி இருந்தாள். கொஸ்லந்தப் பக்கமிருந்து கல்யாணம் ஆகி வந்தவள். என்னைவிட ஏழெட்டு வயது இளையவள், என்னை அக்கா என்று கூப்பிடுவாள். அவளுக்கு அப்போதுதான் நடக்கத் தொடங்கிய ஒரு பெண் குழந்தை. கொழுந்து எடுப்பதில் கெட்டிக்காரி. ஆனால் வீட்டுக்குப் பின்னால் போய்ப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கழிவுத்தண்ணீர் ஓடும் கான் ஓரம் முழுக்கத் தும்பை. வேலி போட்டு வளர்த்தது போல அடர்ந்து நிற்கும்.

"ஏன் புள்ள, இதப் புடுங்கிப் போடுறதுக்கு ஒனக்குக் கை வலிக்குதா?" என்று கேட்டிருக்கிறேன்.

"பூச்சி வரும் அக்கா. இருந்துட்டுப் போவட்டும்."

பூச்சி வர வேண்டும் என்று செடியை விட்டுவைக்கிற ஒருத்தியை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. சோம்பேறித்தனத்துக்கு ஒரு சாக்கு என்றுதான் நினைத்தேன். லயத்துப் பெண்களிடம் சொல்லிச் சிரிக்கவும் செய்தேன்.

அந்த வருடம்தான் கோதுமை மாவு இல்லாமல் போனது. கூப்பனுக்குக் கிடைத்த அரிசியும் மாவும் வாரத்துக்கு வாரம் குறைந்துகொண்டே வந்தன. ரொட்டி தட்டிப் பழகிய லயத்தில் ரொட்டி தட்டும் சத்தம் நின்றது. தோட்டத்தை நடத்திய துரை, லயத்துக்குப் பின்னால் இருக்கிற வெறும் இடத்தில் எதையாவது நட்டுக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார். மரவள்ளி நட்டவர்கள் காட்டுப்பன்றிக்கு நட்டார்கள். நானும் அடுத்த காம்பராக்காரியும் பூசணி போட்டோம். பதுளைக் கடைவீதியில் ஒரு முஸ்லிம் நானா, தன் கடையில் வெட்டி விற்ற பூசணியின் விதையைக் காகிதத்தில் மடித்துச் சும்மாவே கொடுத்தார். ஐப்பசி மழையில் ஊன்றினோம். இரண்டு கொடியும் பக்கத்தில் பக்கத்தில் ஓடின.

எனக்கு அந்தக் கொடி ஒரு துணைக்கறி. அவளுக்கு அப்படியில்லை. அவள் புருஷன் வவுனியாவுக்குப் போய்விட வேண்டும் என்று நின்றான். அங்கே காடு வெட்டிப் பயிர் செய்யலாம், வயிற்றுக்காவது கிடைக்கும் என்று பலரும் கிளம்பிக்கொண்டிருந்த நேரம் அது. அவளுக்குப் போக மனமில்லை. போனால் செக்ரோலில், அதுதான் தோட்டத்து வேலையாள் பதிவேட்டில், பேரை வெட்டிவிடுவார்கள். வெட்டின பேரை மறுபடி பதிவது நடக்கிற காரியமில்லை. அவள் கேள்விப்பட்ட வவுனியாவில் தண்ணீர் கிடையாது, காய்ச்சல் உண்டு, ஆஸ்பத்திரி தூரம்.

சுவர் பலகைக்கு அந்தப் பக்கம் அவர்கள் பேசிக்கொள்வது எங்களுக்குக் கேட்கும். கேட்க வேண்டும் என்று காது வைக்கத் தேவையில்லை, லயம் அப்படி.

"இந்தக் கொடி காய்க்கட்டும். காச்சா மாவு வர்ற வரைக்கும் ஓட்டிறலாம். காய்க்காட்டி நீங்க சொல்ற எடத்துக்கு வாறேன்" என்றாள் அவள்.

"மாசி வரைக்கும் பாப்போம்" என்றான் அவன்.

அப்படித்தான் அந்தக் குடும்பம் இருப்பதா போவதா என்பது ஒரு பூசணிக்கொடியின் கையில் போனது. மார்கழிப் பாதியில் பிஞ்சோடு பூ வரத் தொடங்கியது. அவள் கொடியில் முதலில் வந்த இரண்டு பிஞ்சும் நின்று, முஷ்டி அளவு ஆயின. என் கொடியிலும் ஒன்று. அவள் என்னைக் கையைப் பிடித்து இழுத்துப்போய்க் காட்டினாள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் சிரித்த சிரிப்பு எனக்கு நன்றாக ஞாபகமிருக்கிறது.

பொங்கலுக்கு முன்னால் டாக்டர் ஐயா லயம் பார்க்க வருவார். தோட்டத்து மருந்துக்காரரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். கானில் தண்ணீர் நிற்கிறதா, பின்பக்கம் புல் மண்டியிருக்கிறதா என்று பார்த்துத் துரையிடம் எழுதிக்கொடுப்பார். அதனால் கணக்கப்பிள்ளை முதல் நாளே லயத்துக்கு வந்து, பின்பக்கம் சுத்தமாக இருக்க வேண்டும் என்றார்.

"நான் பாத்துக்கிறேங்க ஐயா" என்றேன்.

அன்று எனக்கு லேசாகக் காய்ச்சல் என்று மலைக்குப் போகவில்லை. அவள் கொழுந்துக்குப் போயிருந்தாள். சுரண்டியை எடுத்துக்கொண்டு என் பக்கத்தைச் செய்தேன். செய்ய அங்கே ஒன்றுமில்லை. அப்படியே அவள் பக்கம் போனேன். கான் ஓரம் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை தும்பையை வேரோடு சுரண்டி, ஒரு பக்கமாகக் குவித்துப் போட்டேன். அவளுக்கு உதவி செய்கிறேன் என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் கை அரித்தது. மாதக்கணக்காக அந்தக் கானைப் பார்த்துப் பார்த்து அரித்துக்கொண்டிருந்த கை. காய்ச்சல் கூட அந்த வேலையில் விட்டுப்போனது.

மாலையில் அவள் வந்து பார்த்தாள். கானையே பார்த்துக்கொண்டு நின்றாள். "சுத்தமா இருக்கு அக்கா" என்றாள். உள்ளே போய்விட்டாள். செய்தது நான்தான் என்று நானும் சொல்லவில்லை. மறுநாள் டாக்டர் ஐயாவும் எங்கள் லயத்தைப் பாராட்டிவிட்டுப் போனார்.

தை பிறந்தது. பூசணியில் பூவுக்குக் குறைவில்லை. பிஞ்சோடு வந்த பூக்கள் மலர்ந்தன, சுருங்கின, அடியிலிருந்த பிஞ்சு மஞ்சளாகி மூன்றாம் நாள் கழன்று விழுந்தது. ஒன்றல்ல, வந்தது எல்லாம். அவள் கொடியிலும் அப்படி, என் கொடியிலும் அப்படி.

"கண்ணு பட்டிருக்கு" என்றேன் நான். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஓட்டைச் சட்டி ஒன்றுக்குச் சுண்ணாம்பில் புள்ளி குத்தி இரண்டு கொடிக்கும் நடுவில் கம்பு நட்டுக் கவிழ்த்தேன். ஒரு பழைய விளக்குமாறும் கட்டினேன். அவள் அதைப் பார்த்துவிட்டு, "சட்டியப் பாத்தா பூச்சி வருமா அக்கா?" என்று கேட்டாள். அவள் குரலில் கிண்டல் இல்லை. களைப்பாகத்தான் கேட்டாள்.

அப்போதுதான் எனக்கு விளங்கத் தொடங்கியது. தேயிலை மலை பார்க்கப் பச்சை. ஆனால் தேயிலையைப் பூக்க விட்டால் கொழுந்து இல்லை, அதனால் அதைப் பூக்க விடுவதில்லை. தேயிலைக்கு நடுவே பூக்கக்கூடியதையெல்லாம் என்னைப் போன்ற கொந்தரப்புக்காரிகள் சுரண்டிவிடுகிறோம். கண்ணுக்கெட்டிய தூரம் பச்சையாக இருக்கிற அந்த மலையில் ஒரு தேனீக்கு ஒரு வாய் சாப்பாடு கிடையாது. ஓடைப் பாறையின் இடுக்கில் இருந்த தேனீக்கூட்டம் அவள் கானில் இருந்த தும்பைக்காகத்தான் லயத்துப் பக்கம் வந்தது. வந்த வழியில் பூசணிப் பூவுக்குள்ளும் நுழைந்து எழுந்தது. எனக்கு நின்ற ஒரு பிஞ்சு கூட அவள் தும்பையால் நின்றது.

பூசணிப் பூ விடிந்து வரும்போதுதான் விரியும், பத்து மணிக்கெல்லாம் மூடிக்கொள்ளும். நாங்கள் ஆறு மணிப் பெரட்டுக்கு ஓடுகிறவர்கள். அதன் வாயை நாங்கள் பார்ப்பதே ஞாயிற்றுக்கிழமைதான். அவள் அதையும் கண்டுபிடித்தாள். ஒரு ஞாயிறு காலை, காம்பில் தனியாக நிற்கும் பூ ஒன்றைப் பறித்து, இதழைக் கிழித்துப்போட்டு, நடுவிலிருந்த மஞ்சள் மாவைப் பிஞ்சுப் பூவுக்குள் தடவினாள். தேனீயின் முதுகில் அந்த மாவு ஒட்டியிருப்பதைப் பார்த்திருக்கிறாள், அவ்வளவுதான். அந்தப் பிஞ்சு நின்றது. அடுத்த ஞாயிறு இன்னொன்று. அதற்கடுத்த ஞாயிறு மழை. மற்ற நாளில் பூத்ததெல்லாம் வீண். என் பிள்ளைகள் இரண்டையும் பள்ளிக்கூடம் போகுமுன் தடவிவிட்டுப் போகச் சொன்னேன். அவை பிஞ்சுப் பூவையே பிடுங்கித் தனிப்பூவில் தடவிவிட்டு, வேலை முடிந்தது என்று போய்விட்டன. அடித்து என்ன செய்வது?

தும்பையைத் திரும்பக் கொண்டுவருவது என்று முடிவு செய்தேன். அவளிடம் சொல்லவில்லை. என் கொந்தரப்புத் துண்டுக்குப் போய்த் தேடினால், நான் அவ்வளவு நன்றாக வேலை செய்திருக்கிறேன், ஒன்றும் இல்லை. கல்லுக்கட்டுக்குள் கை நுழையாத சந்துகளில் முப்பது நாற்பது கன்று கிடைத்தது. மண்ணோடு தோண்டிக் கூடையில் வைத்து வரும்போது கணக்கப்பிள்ளை எதிரே வந்தார்.

"என்னா அது?"

"கீரைங்க ஐயா."

கண்டதையெல்லாம் அவித்துத் தின்ற காலம். பொய்யும் இல்லை, தும்பையையும் சுண்டித் தின்றவர்கள் உண்டு. அவர் தன் வழியில் போனார். புல் பிடுங்குவதில் பெயரெடுத்தவள் புல்லைத் திருடிக்கொண்டு போகிறாள் என்று அவருக்கு எப்படித் தோன்றும்?

கான் ஓரம் நட்டேன். மூன்று நாளில் பாதி தலைசாய்ந்துவிட்டது. தும்பைக்கு வேரை அசைத்தால் பிடிக்காது என்பது பிறகுதான் தெரிந்தது. பின்னால் பல வருடம் வளர்த்துக் கற்றுக்கொண்டதைச் சொன்னால், அதற்கு எருவும் வேண்டாம், பாத்தியும் வேண்டாம். காய்ந்த பந்தை உள்ளங்கையில் கசக்கினால் ஒவ்வொரு கிண்ணத்திலிருந்தும் நாலு கறுப்பு விதை விழும். அதை மண்ணுக்குள் புதைக்காமல் மேலாகத் தூவிவிட்டு, மழைக்கு விட்டுவிட வேண்டும். கொஞ்சத்தை எறும்பு இழுத்துக்கொண்டு போகும், போகட்டும், அது போட்ட இடத்திலும் முளைக்கும். பூத்த பிறகு தேனீ, கொசு அளவு சிறு தேனீ, வெள்ளை வண்ணத்துப்பூச்சி, சில நாள் ஒரு தேன்சிட்டு கூட வரும். வெயில் காலத்தில் செடி செத்துப்போகும். ஒரு மழைக்கு வந்து ஒரு வெயிலில் போகிற ஆயுள் அதற்கு. செத்த செடி பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும். அதைப் பிடுங்காமல் விட்டால்தான் அடுத்த மழைக்கு விதை. பிடுங்காமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். டாக்டர் ஐயா லயம் பார்க்க வரும்போதெல்லாம் கீரைப்பாத்தி என்று சாதித்தேன்.

இதெல்லாம் பிறகு. அந்தத் தை மாதத்தில் நட்டது பாதி செத்து, நான் என்ன செய்வதென்று விழித்துக்கொண்டிருந்தபோது ஒரு பின்னேரம் அவள் கான் ஓரம் குனிந்து நிற்பதைப் பார்த்தேன். கையில் காய்ந்த செடிக் கத்தை. அதைத் தட்டித் தட்டி உதறிக்கொண்டே நடந்தாள்.

"என்னா புள்ள அது?"

"நீங்க குவிச்சுப் போட்டிருந்தீங்களே அக்கா, அதுதான். மழை படாம எடுத்து வச்சிருந்தேன்."

அவளுக்குத் தெரியும். அன்று மாலையே தெரிந்திருக்கிறது. லயத்தில் காய்ச்சல் என்று நின்றவள் நான் ஒருத்திதான், சுரண்டி ஓட்டிய தடத்தைப் பார்த்தே யார் கை என்று சொல்லிவிடக்கூடியவள்தான் அவளும். எனக்கு முகம் எரிந்தது. மன்னிப்புக் கேட்டிருக்கலாம். "நாலு தூறல் விழுந்தா மொளச்சிரும்" என்று மட்டும் சொன்னேன்.

முளைத்தது. பத்து நாளில் கான் ஓரம் பச்சைப் பொட்டு பொட்டாகக் கிளம்பியது. நாலு இலை வந்த சமயம், ஒரு ஞாயிறு மத்தியானம் லயத்துப் பெண்கள் பின்பக்கம் உட்கார்ந்து, எந்தக் கடையில் மாவு வந்திருக்கிறதாம் என்று பேசிக்கொண்டிருந்தோம். நானும் கான் ஓரம் குந்தியிருந்தேன். பேச்சு சுவாரசியத்தில் இருந்தவள் தற்செயலாகக் குனிந்து பார்க்கிறேன், காலடியில் ஒரு சிறு குவியல். தும்பைக் கன்று. நான் உட்கார்ந்த இடத்திலிருந்து எட்டிய தூரம் வரை மண் வழுவழுவென்று இருக்கிறது. வாய் மாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த நேரமெல்லாம் கை அதன் வேலையைப் பார்த்திருக்கிறது. மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது.

நான் என் வலக்கையை இடக்கையால் ஓங்கி அடித்தேன். மற்றப் பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது. அவள் எழுந்து வந்து குவியலைப் பார்த்தாள்.

"விடுங்க அக்கா. கை பழகிப்போச்சு" என்றாள்.

மீதி வளர்ந்தது. நான் அந்தப் பக்கம் போகும்போது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு போவேன். என் புருஷன் அதைப் பார்த்து, "துர மாதிரி நடக்கிறா" என்றார். மாசியும் முடியப் போனது. செடி ஒரு சாண் உயரம். கணுவில் பச்சைப் பந்து கட்டத் தொடங்கியிருந்தது. பூ இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சு குறைந்துபோயிருந்தது. ஞாயிறு தடவி நின்ற இரண்டு காயும் முன்னால் வந்த இரண்டும் அவர்கள் வயிற்றில் எப்போதோ தீர்ந்திருந்தன. குழந்தை நடப்பதை விட்டு மறுபடி இடுப்பிலேயே இருந்தது.

நான் ஒரு நாள் அவன் வழியை மறித்துக் கேட்டேன். "இன்னும் ஒரு பத்து நாளு பொறுக்கக்கூடாதா தம்பி? மொட்டு கட்டிருச்சு."

"பூக்கணும் அக்கா, பூச்சி வரணும், அப்பறம் காய் புடிக்கணும், அப்பறம் பெருக்கணும்" என்றான் அவன், விரல் விட்டு. "புள்ளயப் பாத்தீங்களா?"

பார்த்திருந்தேன். வழியை விட்டு விலகினேன்.

அவர்கள் கிளம்பிய அன்று காலை பெரட்டில் அவள் பெயரைக் கூப்பிடவில்லை. நான் அன்று வேலைக்குப் போகாமல் பெரட்டிலிருந்தே திரும்பிவிட்டேன். சந்தி வரை அவள் தகரப்பெட்டியைச் சுமந்துகொண்டு போனேன். பதுளை பஸ் வருவதற்கு நேரமிருந்தது. சொல்ல வேண்டியதை அங்கேயாவது சொல்லியிருக்கலாம். பெட்டி கனமாக இருக்கிறதே, என்ன வைத்திருக்கிறாய் என்று கேட்டேன். அம்மி என்றாள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு ஜன்னல் வழியாகக் குனிந்தாள்.

"பூத்ததும் புடுங்கிறாதீங்க அக்கா."

அவள் சொன்னது கேலியா வேண்டுகோளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. "இல்ல புள்ள" என்றேன்.

ஒன்பதாம் நாள் பூத்தது. அந்த வாரக் கடைசிக்குள் கான் ஓரம் வெள்ளையாகிவிட்டது. பெரட்டுக்குப் போகும்போதே தேனீச் சத்தம் கேட்கும். பங்குனியில் ஒரு மழையும் கிடைத்தது. பூசணிப் பிஞ்சு விழுவது நின்றது. என் கொடியில் ஏழு காய் பிடித்தது. அவள் கொடி யாரும் பார்க்காமல் என் வேலி வரை ஓடி வந்திருந்தது. அதில் பதினொன்று. அடுத்த காம்பரா பூட்டியே கிடந்தது, அதனால் கேட்பதற்கு ஆளில்லை. பதினொன்றையும் நானே அறுத்தேன். லயத்தில் மற்றவர்களும் பட்டினிதான், ஒரு கீற்றுக்கூட யாருக்கும் கொடுக்கவில்லை. என் பிள்ளைகள் இரண்டும் வயிறு நிறையத் தின்றன. நானும் தின்றேன்.